நந்தினியின் பாதையில் நாற்பத்து நான்கு கிலோமீட்டர்

இது பொறாமையில் போன பயணம். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். மலைக்காற்று, மன அமைதி என்றெல்லாம் எதிர்பார்த்து வாசிக்க வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அதுவும் வழியில் கொஞ்சம் கிடைத்தது. ஆனால் நான் கிளம்பியது அதற்காக இல்லை.

எனக்கு ஊர் கோலார் தங்க வயல். வீடு அங்கே ஸ்கெலட்டன் என்கிற பகுதியில். வாரத்தில் ஐந்து நாள் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவன். ஞாயிற்றுக்கிழமை சர்ச். மிஞ்சுவது சனிக்கிழமை ஒன்றுதான். அதைச் சைக்கிளுக்குக் கொடுத்துவிட்டேன். நான்கு வருடம் முன்பு போனில் ஒரு குழு ஆரம்பித்தேன். இப்போது அறுபத்துச் சொச்சம் பேர் இருக்கிறோம். பெங்களூர், கோலார், வேலூர், கிருஷ்ணகிரி என்று பல ஊர்க்காரர்கள். யாராவது ஒரு மண் பாதையைக் கண்டுபிடித்தால், போனில் ஜிபிஎஸ் பதிவை ஓடவிட்டு அதில் சைக்கிள் மிதித்து, அந்தக் கோட்டைப் பொது வரைபடத்தில் ஏற்றுவார்கள். மற்றவர்கள் இறக்கிக்கொண்டு அதே வழியில் போவார்கள். அவ்வளவுதான் குழு.

விதிகள் இரண்டு. ஒன்று, பாதையைப் போட்டவர் அல்லாத இன்னொருவர் முழுக்க ஓட்டிப் பார்த்த பிறகுதான் அது வரைபடத்தில் நிலையாகச் சேரும். இரண்டு, சீட்டை விட்டு இறங்கித் தள்ளிய இடம், பத்தடி தூரமே ஆனாலும், அங்கே 'த' என்று குறி போட வேண்டும். பின்னால் வருகிறவர் மூட்டை கட்டிக்கொண்டு வரலாம், பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு வரலாம். எங்கே இறங்க வேண்டியிருக்கும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். இரண்டு விதியும் நான் போட்டதுதான்.

நான் போட்ட பாதைகளில் ஒரு 'த' கூடக் கிடையாது. குழுவில் அதற்காகவே எனக்கு ஒரு பெயர் உண்டு. 'இறங்காத சாமுவேல்' என்பார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருக்கும்.

இப்படி இருந்த இடத்தில் எட்டு மாதம் முன்பு நந்தினி வந்து சேர்ந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், பெங்களூரில் வேலை, முப்பது வயதிருக்கும். எங்கள் ஊரின் ஆண்டர்சன்பேட்டையையும் ராபர்ட்சன்பேட்டையையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள். அவள் எங்கள் ஊரைச் சுற்றி ஒரு பாதை போட்டாள், நாற்பத்து நான்கு கிலோமீட்டர். இரண்டே மாதத்தில் குழுவில் பாதிப் பேர் அதில் போய்விட்டு வந்து படமாகப் போட்டுத் தள்ளினார்கள். என் பாதையை ஒரு வருடத்தில் பதினோரு பேர்தான் இறக்கியிருந்தார்கள். நான் பிறந்த ஊர். என் அப்பா கேஜில் சுரங்கத்துக்குள் இறங்கி ஷிப்டு பார்த்த ஊர். ஒவ்வொரு படமும் வந்து விழும்போது எனக்கு வயிறு எரிந்தது. அவள் பாதையில் 'த' மட்டும் பதினான்கு. பதினான்கு தடவை இறங்கித் தள்ளிய பாதையை ஏனய்யா இப்படிக் கொண்டாடுகிறீர்கள் என்று எழுதி, எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

ஜனவரியில் குழு முழுக்கச் சேர்ந்து ஓட்டும் நாள் வருகிறது. நாற்பது பேராவது வருவார்கள். யாருடைய பாதை தேர்வாகிறதோ அவர் முன்னால் போவார், மற்றவர்கள் பின்னால். கடைசிச் சுற்றில் நின்றது இரண்டு பாதை. ஒன்று நந்தினியுடையது. இன்னொன்று மாரிகுப்பத்தில் தொடங்கி காமசமுத்திரம் பக்கம் போய்த் திரும்பும் என் முப்பத்தெட்டு கிலோமீட்டர். கடைசிச் சுற்றின் வழக்கப்படி அவள் பாதையை நான் ஓட்டிப் பார்க்க வேண்டும், என் பாதையை அவள். இருவரும் போன மாதம் இரண்டாம் சனிக்கிழமையை ஒத்துக்கொண்டோம். என் நாற்பது பேரை இன்னொருத்தி கூட்டிக்கொண்டு போவதை எப்படியும் தடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம்.

காலையில் ஷூ மாட்டும்போது ஜெனிபர், என் மனைவி, கேட்டாள்.

"இன்னாங்க, ரூட்டு பாக்கப் போறீங்களா, குத்தம் பாக்கப் போறீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

ஐந்து ஐம்பதுக்கு வீட்டை விட்டுக் கிளம்பி ஆறு பத்துக்கு அவள் பாதை தொடங்கும் ஆண்டர்சன்பேட்டை கடைத்தெரு. டீ பன்னிரண்டு ரூபாய், இரண்டு இட்லி ஒரு வடை நாற்பத்தைந்து. நந்தினி எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். காரின் பின்னால் வைத்துக் கொண்டுவந்த சிவப்புச் சைக்கிளுக்கு முன்சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா. உங்க ரூட்ல ஒரு 'த' கூட இல்லீங்களே, எப்படிங்ணா?" என்றாள்.

"பழக்கம்தாம்மா. நம்ப மண்ணு நமக்குத் தெரியாதா?"

"ரெண்டு நாளா மழைங்ணா. பார்த்துப் போங்க."

எனக்கே புத்தி சொல்கிறாள் பார் என்று நினைத்துக்கொண்டு மிதித்தேன். அவள் என் பாதையைத் தொடங்க மாரிகுப்பம் பக்கம் போனாள். மணி ஆறு முப்பது.

முதல் ஒன்பது கிலோமீட்டர் கிழக்கே, பேத்தமங்கலம் ஏரிப் பக்கம். இரண்டு கிலோமீட்டரில் தார் முடிந்துவிடும். பிறகு செம்மண். மழை பெய்த மறுநாள் மண் இறுகி, டயருக்குக் கீழே சத்தமே இல்லாமல் ஓடும். இரண்டு பக்கமும் கேழ்வரகு, நடுநடுவே யூகலிப்டஸ் தோப்பு. நன்றாக இருந்தது என்று ஒத்துக்கொள்ள எனக்கு நான்கு கிலோமீட்டர் பிடித்தது. இத்தனை வருடமாக இந்தத் தோப்புக்கு அந்தப் பக்கம் நான் தார் ரோட்டிலேயே போய்வந்திருக்கிறேன். உள்ளே இப்படியொரு வழி இருப்பது எனக்குத் தெரியாது.

நந்தினி தன் பாதை நெடுகக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறாள். '7.4 – புளியமரம், உட்காரக் கல் இருக்கிறது.' இருந்தது. '12.1 – குழாய், குடிக்கலாம்.' தண்ணீர் வந்தது. '15 – மூன்று நாய்கள். கருப்பு நாய் மட்டும் துரத்தும். இறங்கி நடந்தால் விட்டுவிடும்.' அந்தக் கருப்பு நாய் மட்டும் இன்றைக்கு இருக்கக் கூடாது, இருந்தாலும் துரத்தக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன். குறிப்பு தவறு என்று எழுதலாமே! மூன்று நாயும் வந்தன. கருப்பு நாய் துரத்தியது. இறங்கி நடந்தேன். விட்டுவிட்டது.

பதினெட்டாவது கிலோமீட்டரில், ஆந்திர எல்லையை ஒட்டிய சின்ன ஊர் ஒன்றில், ஒரே ஒரு டீக்கடை. மணி எட்டு ஐம்பது. கடைக்கார அம்மா என் சைக்கிளைப் பார்த்ததும் முதலில் தெலுங்கில் ஏதோ கேட்டு, பிறகு தமிழுக்கு மாறினார்.

"நந்தினி மேடம் வரலியா?"

"வரல" என்றேன்.

"அது வந்தா சீனி கம்மியாக் கேக்கும். உங்களுக்கு?" என்றவர் டீயை ஆற்றிக்கொண்டே, "நீங்களும் பெங்களூரா?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வி போதும், சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு பஸ் ஏறியிருப்பேன். என் வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டர் கூட இல்லாத ஊர். அங்கே அவள் மேடம், நான் வெளியூர்க்காரன். "நான் கேஜிஎப்பும்மா, ஸ்கெலட்டன்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "அப்படியா, பாத்ததே இல்லியே" என்றார். டீ பத்து ரூபாய், பன் எட்டு. டீ நன்றாக இருந்ததும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அங்கிருந்து தெற்கே பாதை கரடு. அவளுடைய 'த'க்கள் பெரும்பாலும் இங்கேதான். ஒவ்வொன்றும் வரும்போது, இதை ஓட்டியே கடந்துவிட்டு 'தள்ளத் தேவையில்லை' என்று எழுத முடியுமா என்று பார்த்துக்கொண்டே போனேன். ஆறாவது 'த' ஒரு வாய்க்காலில் இறங்கி ஏறும் இடம். இது என்ன பிரமாதம் என்று வேகம் பிடித்து விட்டேன். முன்சக்கரம் சேற்றில் நின்றது, நான் நிற்கவில்லை. கேழ்வரகுக்குள் மல்லாந்து கிடந்தேன். முழங்கையில் தோல் போனது. நல்லவேளை, சுற்றுமுற்றும் யாரும் இல்லை. அதற்குப் பிறகு வந்த எட்டு 'த'விலும் மரியாதையாக இறங்கினேன்.

முப்பத்தோராவது கிலோமீட்டரில் பாதை ஒரு மேட்டில் ஏறுகிறது. மணி பத்து இருபது. அங்கே நின்றால் மாரிகுப்பம் பக்கத்து சயனைடு டம்ப் முழுசாகத் தெரியும். சுரங்கத்தில் பொடித்த கல்லைத் தங்கம் எடுத்த பிறகு கொட்டிக் கொட்டி மலையாக ஆனது. இரண்டு நாள் மழையில் அதன் பக்கவாட்டில் புதிதாகக் கோடு கோடாக அறுத்திருந்தது. என் பாதை திரும்பி வரும்போது அதன் அடிவாரத்தை ஒட்டித்தான் போகிறது. அந்த நேரத்துக்கு நந்தினி ஏறக்குறைய அங்கேதான் வந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை உடைத்துச் சொல்ல வேண்டும். இறங்காத சாமுவேல் இறங்குவான். இறங்குமுன் போனில் பதிவை நிறுத்திவிடுவான். தள்ளிக்கொண்டு போய், திரும்ப ஏறி உட்கார்ந்த பிறகு பதிவைத் தொடங்குவான். நிறுத்திய புள்ளியையும் தொடங்கிய புள்ளியையும் வரைபடம் தானாகவே நேர்கோட்டில் சேர்த்துவிடும். பார்க்கிறவர்களுக்கு நிற்காமல் ஓட்டியது போலத்தான் தெரியும். என் பாதையைச் சரிபார்த்த நண்பர்களும் பெரிய மனசுக்காரர்கள். பாதி ஓட்டி, டீ குடித்து, 'சாமுவேல் போட்டதில் என்ன பார்ப்பது' என்று கையெழுத்துப் போட்டவர்கள்.

டம்ப் அடிவாரத்தில் மழை அறுத்த ஓடை ஒன்று இருக்கிறது. ஓர் ஆள் உயரப் பள்ளம். நான் அதைச் சுற்றி இருநூறு மீட்டர் தள்ளிக்கொண்டு போனவன். வரைபடத்தில் கோடு ஓடைக்கு நேர் மேலே போகிறது. இறக்கத்தில் வருகிறவருக்கு உண்ணிச்செடிப் புதர் மறைத்துவிடும், கிட்டத்தில் வந்தால்தான் விளிம்பு தெரியும். 'த' போட்டிருந்தால் வேகத்தைக் குறைப்பார்கள். நான் போடவில்லை.

மேட்டில் நின்றுகொண்டு இதெல்லாம் புத்தியில் உறைத்தபோது, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, 'விழட்டும்' என்று தோன்றியது. எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் தோன்றியது. அடுத்த நொடி போனை எடுத்தேன். மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் மணி போனது, எடுக்கவில்லை.

அங்கிருந்து ஓடைக்கு நான்கு கிலோமீட்டர். அவள் பாதையை விட்டுவிட்டு மிதித்தேன். என் வாழ்க்கையில் அந்த வேகத்தில் நான் மிதித்ததில்லை. அவள் விழுந்து கிடந்தால் எந்த வழியாக ஆட்டோ வரும், எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்குவது என்று மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஜனவரியும் நாற்பது பேரும் ஞாபகத்திலேயே இல்லை.

பத்து நாற்பதுக்கு ஓடைக் கரைக்கு வந்தேன். சிவப்புச் சைக்கிள் ஒரு கல்லில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் நந்தினி உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். கூடவே செல்வி அக்கா. அந்தப் பக்கம் தினமும் ஆடு மேய்ப்பவர், எனக்கும் முகம் தெரிந்தவர்தான். என்னைப் பார்த்ததும் அவர்தான் ஆரம்பித்தார்.

"இன்னா தம்பி, இப்டி மூச்சு வாங்குது? இன்னிக்கு ஓட்டிக்கினு வந்தியா? எப்பவும் இங்க தள்ளிக்கினுதானே போவே!"

காதுவரை சூடேறியது எனக்கு.

"ஏம்மா போன எடுக்கல?" என்று நந்தினியிடம் கேட்டேன்.

"பைக்குள்ள இருந்துச்சுங்ணா, கேக்கல. என்னாச்சுங்ணா, கையெல்லாம் ரத்தம்?"

"அத வுடு. இந்த எடத்துல கோடு தப்பு. நேரா போனா ஓடைல வுழணும். நான் இங்க எறங்கித் தள்ளனேன். போடல."

சொல்லிவிட்டேன். அவள் கொய்யாவை மென்று விழுங்கிவிட்டு, "தெரியுங்ணா" என்றாள்.

"தெரியுமா?"

"போன மாசமே ஒரு தடவ வந்து ஓட்டிப் பார்த்தேங்ணா. உங்க கோடு அங்கங்க ஸ்கேல் வெச்சு வரைஞ்ச மாதிரி போகுது. எந்த மண்ரோடுங்ணா அப்படி நேராப் போகும்? இங்க வந்தப்ப இந்த அக்காதான் சத்தம் போட்டு நிறுத்துனாங்க."

"நான் கத்தாம இருந்தா அன்னிக்கே உள்ள போயிருக்கும் அந்தப் பொண்ணு" என்றார் செல்வி அக்கா, ஓர் ஆட்டை விரட்டிக்கொண்டே.

சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். "அப்பறம் ஏன் குரூப்புல சொல்லல?" என்றேன்.

"நீங்க ஆரம்பிச்ச குரூப்புங்ணா. நீங்களே சொன்னா நல்லாருக்கும்னு பார்த்தேன். இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் பார்த்திருப்பேன். அதுக்கு மேல நானே எழுதியிருப்பேங்ணா. இன்னொருத்தர் விழுந்துட்டா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் சொன்னாள். பாதை போடுவதில்தான் அவள் என்னைவிடக் கெட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனசிலும் அப்படித்தான் என்பது என் பொறாமைக்கு இன்னும் இரண்டு விறகு போட்டது. பாதிக் கொய்யாவை என்னிடம் நீட்டினாள். வாங்கித் தின்றேன்.

அவள் என் பாதையை முடிக்கக் கிளம்பினாள். நான் திரும்பவும் நான்கு கிலோமீட்டர் போய், மேட்டில் விட்ட இடத்திலிருந்து அவள் பாதையின் மிச்சம் பதின்மூன்று கிலோமீட்டரையும் ஓட்டி முடித்தேன். ஒன்று ஐந்துக்கு ஆண்டர்சன்பேட்டை. அன்றைக்கே சரிபார்ப்புக் குறிப்பு எழுதினேன்: 'குறை ஒன்றும் இல்லை. எழுதியிருப்பது எல்லாம் எழுதிய இடத்தில் இருக்கிறது, நாய் உட்பட.' அதை எழுத எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

இனி, போக நினைக்கிறவர்களுக்கு. பெங்களூரிலிருந்து காரில் நூறு கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். ரயிலில் வந்தால் மாரிகுப்பம் கடைசி நிலையம். காலையில் கூட்டமெல்லாம் பெங்களூரை நோக்கித்தான் போகும், எதிர்த்திசை வண்டியில் இடம் இருக்கும். சக்கரத்தைக் கழற்றி உறைக்குள் போட்டுக் கொண்டுவாருங்கள். டயர் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும். இரண்டு லிட்டர் தண்ணீர் போதும், 12.1-ல் குழாய் இருக்கிறது. டம்ப் மேல் யாரும் ஏறாதீர்கள். ஏற அனுமதியும் இல்லை, காற்றடிக்கும் நாளில் அந்தப் பொடி கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாது. வேலி இருக்கும் இடத்தில் வேலிக்கு வெளியே நில்லுங்கள், உள்ளே பழைய ஷாஃப்ட், சுரங்கக் குழி, இருக்கலாம். மழை பெய்த மறுநாள் மண் பிரமாதம், மழை நாளில் வேண்டாம். எனக்கு மொத்தச் செலவு எழுபத்தைந்து ரூபாயும் முழங்கைத் தோலும். ஜனவரியில் குழு போகப்போவது நந்தினியின் பாதையில். முன்னால் அவள் போவாள். நான் எங்கே போவேன் என்று இன்னும் முடிவு செய்யவில்லை, அநேகமாக நடுவில்.

கடைசியாக, என் பாதையில் போகிறவர்களுக்கு ஒன்று. அன்று சாயங்காலம் நந்தினி எனக்கு மட்டும் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். தான் இறங்கித் தள்ளிய இடங்கள், படத்தோடு, மொத்தம் ஏழு. 'நீங்களே போட்டுருங்ணா' என்று கீழே ஒரு வரி. வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக 'த' போட்டேன். ஏழும் போட்டு முடித்த பிறகுதான் கவனித்தேன். ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு செங்குத்து ஏற்றமும் அவள் பட்டியலில் இல்லை. அங்கே வழியே நேராகத்தான் போகும், அதனால் என் கோட்டைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த இரண்டையும் அவள் மிதித்தே ஏறியிருக்கிறாள், மழைக்குப் பிறகும். நான் இரண்டிலும் இறங்கித் தள்ளியவன். ஏழோடு நிறுத்தியிருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது, அவளுக்கும்கூட. ரொம்ப நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அந்தப் பாதையில் ஒன்பது 'த' இருக்கும், பார்த்து இறங்குங்கள். போன சனிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் போய் அந்த இரண்டு ஏற்றத்தையும் நான்கு தடவை முயன்று பார்த்தேன். இன்னும் ஒன்பதுதான்.